பின்சக்கரத்து ஈரம்

என் வீட்டுக்காரர் செல்லையா காலையில் எழுந்தால் சாமி படத்தையும் பார்க்கமாட்டார், என் முகத்தையும் பார்க்கமாட்டார். நேரே வாசலுக்குப் போய் வேனுக்கு அடியில் விரித்து வைத்திருக்கும் அட்டையைத்தான் இழுத்துப் பார்ப்பார். மீ நூடுல்ஸ் வந்த பெட்டிகளைப் பிரித்து ஒட்டிய அட்டை அது. ராத்திரி வேன் எதை எதை ஒழுகவிட்டதோ அத்தனையும் அதில் சொட்டுச் சொட்டாக இருக்கும். ஒவ்வொரு சொட்டையும் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுத் தேதியும் எழுதுவார். கல்யாண நாளைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கியர் எண்ணெய் எந்த மாதத்திலிருந்து கசிகிறது என்று கேளுங்கள், மணியோடு சொல்வார்.

கறுப்பாக இருந்தால் என்ஜின் எண்ணெய். பச்சை என்றால் ரேடியேட்டர் தண்ணீர். சிவப்பு என்றால் ஸ்டியரிங் எண்ணெய். "இது ஒழுகல் இல்ல புனிதம், சும்மா வேர்க்குது," என்பார். இருபத்தெட்டு வயதான வேன் வேர்க்காமல் என்ன செய்யும்? ஆனால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர் பயப்படுவார். பால் ஊற்றாத நீர்த்த தேத்தண்ணி மாதிரி வெளிறிய மஞ்சளில் இருக்கும் ப்ரேக் எண்ணெய்தான் அது. தொட்டால் வழவழவென்று விரலை விட்டுப் போகாது. "மத்தது ஒழுகுனா காடி நின்னுரும். இது ஒழுகுனா காடி நிக்காது," என்று வேனைத் தட்டிக்கொண்டே அவர் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். நூறு தடவையும் எரிச்சல்தான் வந்தது. அதற்கு இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் குலை லோரி ஓட்டியவர் அவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மழையிலும் சேற்றிலும் ஆலைக்குப் போவார். ஒரு நாயைக்கூட அடித்ததில்லை என்று பெருமை வேறு. ஓய்வு பெற்றதும் இந்தப் பழைய வேனை வாங்கித் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனார். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணம் போய்ச் சேர்ந்தன, பிள்ளைகளும் குறைந்தார்கள். கடைசியில் வேனில் ஏற மிஞ்சியது நான் ஒருத்திதான்.

சர்க்கரை என் சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது. ஆறு வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று தடவை கோலாசிலாங்கூரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிறேன். பதினோரு மணிக்கு என் முறை. வழியில் நின்று வேனுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தையும் சேர்த்து, வீட்டிலிருந்து ஒன்பதரைக்குக் கிளம்பவேண்டும்.

வாடகைக் காடியைப் போனில் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டேன். எங்கள் லயத்து வீடுகளுக்கு வரும் செம்மண் பாதையின் முனையில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். பக்கத்து வீடுகளில் காடி வைத்திருப்பவர்கள் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடலாம்தான். போன வருஷம் மூச்சு முட்டி அப்படி ஒரு தடவை போய், கழுத்தில் குழாய் சொருகிப் பதினோரு நாள் வார்டில் கிடந்தேன். அந்தக் குழாய்க்கு இனி இந்த உயிர் இருக்கிறவரை தலை கொடுக்கமாட்டேன் என்று சாமி படத்தின் முன்னால் அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஆக, இந்த வேன் ஓடினால்தான் நான் இருப்பேன்.

எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. குடித்தது வெளியே போகாது, காலிலும் முகத்திலும் போய் நிற்கும். ஒரு நாள் அவர் ரேடியேட்டரில் மூன்றாவது போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ நாக்கு வறண்டு கிடந்தது. "அதுக்கு மட்டும் வேணுங்கிற மட்டும் ஊத்துங்க," என்று கத்தினேன். அவர் நிமிர்ந்தே பார்க்காமல், "அதுக்கு உள்ள நிக்க மாட்டேங்குது, ஒனக்கு வெளிய போக மாட்டேங்குது. ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு நான் என்னாலா செய்ய?" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

போன செவ்வாய்க்கிழமை ரேடியேட்டர் பைப் வெடித்தது. ஒரு வாரமாகவே பச்சைச் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் ஆள்கள் எல்லாரும் செய்கிற வைத்தியத்தைத்தான் அவரும் செய்தார். என் சமையல்கட்டிலிருந்து இரண்டு கரண்டி மஞ்சள்தூளை அள்ளி ரேடியேட்டரில் போட்டார். சின்ன ஓட்டையைப் போய் அடைத்துக்கொள்ளுமாம். நாலு நாள் அடைத்தது. ஐந்தாவது நாள் புக்கிட் ரோத்தானைத் தாண்டும்போது டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வேனுக்குள் வெள்ளைப் புகையும் ரசம் கொதிக்கும் வாசனையும் நிறைந்தன. என் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின் இருக்கிறது. தொடை வெந்துவிடும்போல் அலறிக்கொண்டு குதித்தேன்.

புக்கிட் ரோத்தானில் பட்டறை வைத்திருக்கும் பவனேஷ் வந்து கட்டி இழுத்துப் போகும்போது மணி ஒன்றாகிவிட்டது. நிலையத்துக்குப் போன் போட்டால், "ஆன்ட்டி, எல்லாக் கட்டில்லயும் ஆள் இருக்கு. வியாழக்கிழமை கண்டிப்பா வந்துருங்க. அதுக்குள்ள மூச்சு வாங்குனா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க," என்றாள் அங்கிருக்கும் நர்ஸ் மிஸ்ஸி. சனிக்கிழமை சுத்தம் செய்த இரத்தம், வியாழன் வரை தாங்கவேண்டும். அதாவது ஐந்து நாள்.

பவனேஷ் புதன் காலையில் புதுப் பைப்பைப் போட்டு, வேனை வீட்டுக்கே கொண்டுவந்து விட்டான். "அண்ணே, இதுக்குமேல இதுக்குச் செலவு பண்ணாதீங்க. ஒண்ண அடைச்சா இன்னொண்ணு பொத்துக்குது," என்று சொல்லிவிட்டுப் போனான். இவர் அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்றைக்கு ஆயுத பூசை. எனக்கு ஒரே பிடிவாதம். கண்ணேறுதான் இந்த வேனைப் படுத்துகிறது, பூசை போட்டே ஆகவேண்டும் என்று நின்றேன். கால் வீங்கிப்போய் இருந்தும் உட்கார்ந்தபடியே வாசலைத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அந்த அட்டை கண்ணில் பட்டது. சாமி காரியம் நடக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு என்ன குப்பை அது? சுருட்டி எடுத்துக் கோழிக்கூட்டுப் பக்கம் எறிந்தேன்.

"அடியே, அத ஏன் எடுத்த?"

"ஒரு நாளைக்கி இல்லாட்டி ஒங்க உசுரா போயிரும்?" என்றேன். இப்படித்தான் கேட்டேன், மாற்றிச் சொல்லவில்லை.

கண்ணாடியில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு மாலை. தேங்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டிவிட்டு ஏறி, வேனை மெல்ல முன்னே நகர்த்தினார். பழங்கள் நசுங்கி, சாறு சிமெண்டுத் தரையில் ஓடியது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று சத்தியமாகவே நம்பினேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது என்னால் படுக்கவே முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி மூச்சை அடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொழுதை ஓட்டியிருந்தேன். கண் இரண்டும் வீங்கிக் கீறலாக இருந்தன. எட்டு மணிவாக்கில் காற்றுக்காக வாசலுக்கு வந்து வேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கப் பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. டயரில் கோடாக வழிந்து தரைக்கு வந்திருந்தது. பக்கத்திலேயே நசுங்கின எலுமிச்சம்பழத் தோல் காய்ந்துகொண்டு கிடந்தது. குனிந்து ஒரு விரலால் தொட்டேன். வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசம் துளிகூட இல்லை.

விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கு ப்ரேக்கும் தோன்றவில்லை, சாவும் தோன்றவில்லை. இவரிடம் சொன்னால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார், பதினோரு மணிக் கட்டில் இன்றைக்கும் போய்விடும் என்ற ஒன்றுதான் தோன்றியது. எனக்கு மூச்சு வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வழக்கம்போல் குனிந்து அட்டையைத் தேடினார். அட்டை இல்லை. அப்படியே சக்கரத்தைப் பார்த்துவிட்டார்.

"புனிதம், பின்னாடி என்னா ஈரமா இருக்கு?"

"எலுமிச்சம்பழங்க. நேத்து நீங்கதானே ஏத்தி நசுக்குனீங்க? நான் தொட்டுப் பாத்துட்டேன். பழச்சாறுதான்."

பொய் வாயில் சர்க்கரைத் தண்ணீர்போல் வந்தது. அவர் குந்தி உட்கார்ந்து விரலை வைத்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு தலையைத் திருப்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அப்படி அவர் என் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருக்கும்.

"ஆமா, பழச்சாறுதான்," என்று சொல்லி எழுந்தார். "போய் பைய எடுத்துக்கிட்டு வா. கெளம்பலாம்."

தப்பித்தோம் என்று இருந்தது. பையையும் மருத்துவ அட்டையையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி வந்து சேர்ந்தேன். அவர் எதையோ மூடிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்கதவைத் திறக்கப் போனேன், விடவில்லை.

"பின்னாடி ஒக்காரு. வலப் பக்கமா, தலகாணி போட்டு வச்சிருக்கேன்."

"எதுக்கு? எனக்குப் பின்னாடி ஒக்காந்தா தலை சுத்தும்னு தெரியாதா?"

"சொன்னா கேளேன்லா!" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்துவதே அபூர்வம். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறி, தலையணையில் சாய்ந்தேன்.

வேன் செம்மண் பாதையில் ஊர்ந்தது. ஊர்ந்தது என்றால், வாத்துகூட முந்திப்போகும். முதல் கியர், இரண்டாவது கியர், அதற்குமேல் போடவே இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது.

"சவ ஊர்வலமா போறீங்க? கொஞ்சம் அமுத்துங்க! இன்னிக்கும் கட்டில விட்டுட்டா நான் பொணமாத்தான் வருவேன்!"

அவர் இரண்டாவது கியரிலேயே பிடித்துக்கொண்டு போனார். பின்கழுத்தெல்லாம் வேர்வை வழிந்தது.

எங்கள் தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு சரிவு உண்டு. மேலிருந்து இறங்கினால் நேரே பெரிய ரோட்டில்தான் போய் நிற்கவேண்டும். மணல் லோரிகள் அங்கே காற்றாகப் பறக்கும். சரிவின் தலையில் அவர் வேனை நிறுத்தி, முதல் கியருக்கு மாற்றி, ஏதோ முணுமுணுத்தார். மெல்ல இறக்கினார். பாதி சரிவில் அவர் கால் ப்ரேக்கை அமுத்துவது எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு தடதடவென்று தரையை உதைப்பதுபோல் அமுத்தினார்.

"என்னங்க?"

"பிடிக்கல."

கைப் ப்ரேக்கை இழுத்தார். அதுவும் பின்சக்கரத்தைத்தானே பிடிக்கவேண்டும். எண்ணெயில் ஊறிப்போன சக்கரம் வழுக்கியது. பள்ளத்தில் என்ஜின் ஊளையிட்டது. எதிரே ரோட்டில் ஒரு மணல் லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே வருவது முன்கண்ணாடியில் பெரிதாகத் தெரிந்தது.

"புனிதம்! தலைய குனி! கைய பாத்துக்க!"

டயாலிசிஸ் ஊசி போடுகிற இடது கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குனிந்தேன். அந்தக் கை போனால் எனக்கு எல்லாம் போச்சு. அவர் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தார். வேன் பாதையை விட்டு இறங்கி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிக் குவித்திருந்த மட்டைகள்மேல் ஏறி, குலுங்கி, ஒரு மரத்தில் போய் மோதி நின்றது.

பிறகு தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. புதுப் பைப்பும் போயிருந்தது. நான் தலையைத் தூக்கினேன். நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். மரம் முன்பக்கத்தை இடது பக்கமாக நசுக்கி உள்ளே வந்திருந்தது. ஆறு வருஷமாக நான் உட்கார்ந்துபோகும் சீட்டு இருக்கவேண்டிய இடத்தில் அடிமரம் இருந்தது. நேற்றுப் போட்ட மாலை அதில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

அவர் உதட்டில் இரத்தம். கதவைப் பிய்த்துத் திறந்து, முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கி வெளியே இறக்கினார். அப்போதே எல்லாம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது.

குலை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த தோட்டத்து லோரி நின்றது. ஓட்டி வந்தவன் அர்ஜுனன், இவரிடம் லோரி ஓட்டப் பழகியவன். "அண்ணே! என்னா அண்ணே இது!" என்று ஓடிவந்தான்.

"என்னைய விடு. இவள ஏத்திக்கிட்டுப் போ. பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்," என்றார்.

"குலைய ஆலையில எறக்கணுமே அண்ணே..."

"அர்ஜுனா, ஒன் கால்ல விழுறேன்லா."

அவர் நிஜமாகவே குனிந்தார். அவன் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தோரு வருஷத்தில் கணக்கு எழுதும் கிராணி முன்னாலும் வேலை வாங்கும் மண்டோர் முன்னாலும் தலை குனியாத மனுஷன். என்னை இரண்டு பேருமாக லோரியின் முன்சீட்டுக்கு ஏற்றினார்கள். அர்ஜுனன் ஆலைப் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு டன் குலையோடு டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். மணி பதினொன்று ஐம்பது.

என் கட்டிலை மிஸ்ஸி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். ஆனால் அடுத்த ஆளுக்காக நாலு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்துத்தான் போட முடிந்தது. ஊசி ஏறி, இரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த மரம் கண் முன்னால் வந்தது.

இரண்டரை மணிக்கு அவர் வந்தார். பவனேஷின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாராம். கால்சட்டை முழுக்கச் செம்மண். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசி போடாத கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் இன்னும் வழவழவென்றுதான் இருந்தது.

"என்னங்க," என்றேன். "அது எலுமிச்சம்பழம் இல்ல. எனக்குத் தெரியும். சொன்னா நீங்க காடிய எடுக்க மாட்டீங்கன்னு பொய் சொல்லிட்டேன். ஒங்களையுந்தானே கொல்லப் பாத்தேன், பாவி."

அவர் குழாயில் ஓடும் என் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குந் தெரியும் புனிதம்," என்றார். "மோந்து பாத்தேன்ல? ப்ரேக் எண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா? நீ பைய எடுக்கப் போனப்போ, போத்தல்ல இருந்தத பூரா ஊத்தி நெறைச்சேன். மெதுவா போனா தாங்கிரும்னு நெனைச்சேன். முன்னாடி இடிச்சாலும் நீ பின்னாடி இருப்பன்னு..."

"தெரிஞ்சேவா என்னைய ஏத்துனீங்க?"

"ஒம் மூஞ்சிய நீ பாத்தியா காலையில?" என்று என் பக்கம் திரும்பினார். "வீட்ல வச்சிருந்தா என் கண்ணு முன்னாடி போயிருப்ப. ஏத்துனா ஒரு வேள பொழைப்ப. நான் என்னாதான் செய்ய?"

திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுததில் இயந்திரம் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது.

மிஸ்ஸி ஓடிவந்து பொத்தானை அமுக்கினாள். "அழாதீங்க ஆன்ட்டி, ப்ரெஷர் ஏறுது. இன்னிக்கி முழுசா எடுக்கல, ஒன்றரை கிலோ தண்ணி உள்ளதான் இருக்கு. சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க. விட்டுறாதீங்க, ஆங்?"

"வந்துர்றோம் மிஸ்ஸி," என்றார் அவர். அவள் போய்விட்டாள்.

"எதுல வர்றதுங்க?" என்று கேட்டேன்.

அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"காடிக்கு வழி பாக்க நாளைக்கி ஒரு நாள் இருக்குல்ல," என்றார்.